பாவடியில் அடித்த முளைகள்

நான்கு விரல்

"தியோடலைட் ஆடுதா, இல்ல உம்ம கண்ணு ஆடுதா?" என்று ஏ.இ. கேட்டார். அசிஸ்டென்ட் இன்ஜினியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். திருச்சிப் பக்கத்துக்காரர். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

கோணம் அளக்கும் அந்தக் கருவியும் ஆடவில்லை, கண்ணும் ஆடவில்லை என்று சொன்னேன். முளைதான் நகர்ந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசி ஜங்ஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் கார் விடலாமா என்று பார்க்க எங்கள் சர்வே பார்ட்டியை அனுப்பியிருந்தார்கள். ஊருக்குள் தெருக்களை ஒட்டிச் சின்ன நிறுத்தமாக இரண்டு மூன்று ஹால்ட், மேலகரத்தில் ஒன்று, அருவிக்குப் போகும் பாதையில் கடைசி ஹால்ட். சாரல் சீசனில் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போகும் கூட்டத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை. கூட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே பாதை போட வேண்டும் என்பதால் எங்களையும் சீசனில்தான் அனுப்பினார்கள். இந்தச் சிறிய விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

நான் பார்ட்டியில் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். பகலில் லைனில் நிற்பேன், மாலையில் முகாமில் பிளான் வரைவேன், அதன்பிறகு டைரி எழுதுவேன். சர்வே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அதிலிருந்து இதை எடுத்து எழுதுகிறேன்.

முளை என்றால் ஒரு முழ நீளக் கட்டை. தலையில் வெள்ளைப் பெயின்ட், அதில் கறுப்பு எண், நடுவில் ஓர் ஆணி. அந்த ஆணிதான் லைன். செயின் பிடித்து நூறடிக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு போவோம். நெசவாளர் தெருவுக்கு வடக்கே, புளியமரங்களுக்கு நடுவில் நீளமாக ஒரு வெற்றிடம் கிடந்தது. ரெவென்யூ கணக்கில் புறம்போக்கு. நஷ்ட ஈடு கிடையாது, வீடு இடிக்க வேண்டியதில்லை. ஏ.இ. பிளானைப் பார்த்தவுடன் சிவப்புப் பென்சிலை எடுத்து அதன்மேல் ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

அந்த வெற்றிடத்தில் அடித்த முளைகள் மட்டும் நகர்ந்திருந்தன. நான்கு விரல் அகலம். சரி செய்துவிட்டு வந்தோம். இரண்டொரு நாளில் மறுபடி பார்த்தால் ஒன்று கிழக்கே தள்ளி நிற்கிறது, அடுத்தது மேற்கே சாய்ந்திருக்கிறது. மற்ற இடங்களில் ஒரு முளைகூட அசையவில்லை.

பிடுங்கி எறிந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். சர்வே பார்ட்டி போகிற ஊரெல்லாம் முளையைப் பிடுங்குவார்கள், அடுப்பில் வைப்பார்கள், கிணற்றில் போடுவார்கள். இங்கே யாரோ பிடுங்கிவிட்டு மறுபடியும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே இடத்தில், ஊன்றி வைத்திருந்தார்கள். எண்ணும் சரியான திசையில்தான் இருந்தது.

ஆய்க்குடிக்காரன் சுடலைமுத்து எங்கள் செயின் ஆள்களுக்குத் தலைவன். முளையைச் சுற்றி ஒரு தடவை வந்தான்.

"இது மனுசன் வேலைதான் சார்வாள். பேய் பிடுங்குனா திரும்ப ஊனாது."

"எந்த மனுசன்?"

"அதுதான் எனக்கும் சந்தேகமா இருக்கு. பிடுங்குனவன் ஒருத்தன், ஊனுனவன் ஒருத்தன்னு ரெண்டு பேரா இருக்குமோ?"

சில நாள் ராத்திரி அவன் அங்கேயே காவல் படுத்தும் பார்த்தான். யாரும் வரவில்லை. அவனுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

ஆளுக்கொரு காரணம்

ஹால்ட் எங்கே வைப்பது, பாதை எந்தப் பக்கம் போவது என்று ஊர்க்காரர்களைக் கேட்டு அபிப்பிராயம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதற்கு முன்னால் எந்த வேலையிலும் எங்களை இப்படிக் கேட்கச் சொன்னதில்லை. ஏ.இ.க்கு அது பிடிக்கவும் இல்லை. "ரயில் பாதை என்ன கல்யாண சமையலாய்யா, எல்லார்கிட்டயும் உப்பு சரியான்னு கேட்க?" என்றார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். தெருவோரப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டோம். நடுவில் ஏ.இ., வலப்பக்கம் நான் எழுதுவதற்கு, இடப்பக்கம் ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம். நில விவரம் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே என்று அவரையும் அழைத்திருந்தோம்.

முதலில் எழுந்தவரை ஊரில் தோப்பு அண்ணாச்சி என்பார்கள். கால்வாய்க் கரை நெடுக அவருடைய தென்னந்தோப்பு. கதர்ச் சட்டை, தோளில் மடித்த நேரியல்.

"ஊருக்கு ரயிலு வருதுன்னா வேண்டாம்னு எவன் சொல்லுவான்? சொந்த நஷ்டத்தப் பாத்தா ஊரு முன்னேறாது. நீங்க கோடு போட்ட இடத்துலேயே போடுங்க சார். நாங்க எல்லாரும் ஒத்துழைக்கோம்."

கைதட்டல் வந்தது. நெசவாளர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. பிறகு அங்கிருந்து ஒருவர் எழுந்தார். மைதீன் அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட சாரம், வெள்ளைத் தொப்பி.

"அங்கன வேண்டாம் சார். அங்கன தண்ணி நிக்கும்."

சாரலில் நான் தினமும் அங்கே நடந்தவன். ஒரு சொட்டு நின்று பார்த்ததில்லை. மேட்டு நிலம்.

அவர் பக்கத்தில் இருந்தவர், "பாம்பு ஜாஸ்தி சார், புத்து இருக்கு" என்றார். இன்னொருவர் சற்றுத் தயங்கிவிட்டு, "ஜின்னு நடமாட்டம் உண்டு. எங்க பெரியவங்க சொல்லுவாங்க" என்றார்.

"அதுக்கென்ன, ஜின்னுக்கும் ஒரு சீசன் டிக்கெட் குடுத்துடுவோம்" என்றார் ஏ.இ. சபை சிரித்தது.

ஜன்னலுக்கு வெளியே முக்காட்டுடன் நின்ற பெண்களில் ஒருத்தி, "அதுக்குக் காலே கிடையாது சார்வாள், எப்படிப் பெட்டியில ஏறும்?" என்றாள். அவள் மைதீன் அண்ணாச்சியின் மனைவி பாத்துமுத்து என்று சுடலைமுத்து காதில் சொன்னான். கூட்டம் இரண்டாம் முறை சிரித்தது. மைதீன் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் மேசையின் மேலேயே இருந்தது.

அன்றைய டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "யாரோ சொல்லிக்கொடுத்து வந்தவர்கள் ஒரே காரணத்தைச் சொல்வார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்கிறவர்கள் ஒரே ஒரு காரணத்தை மறைக்கிறார்கள்."

நேரான மரங்கள்

ஏ.இ. பஸ் முதலாளி ஒருவரைச் சந்தேகப்பட்டார். ரயில் வந்தால் முதலில் நஷ்டம் அவருக்குத்தானே. அவருடைய ஆள் ஒருவன் நாங்கள் போகுமிடமெல்லாம் சைக்கிளில் வந்து, தூக்குவாளியில் கொண்டுவந்த காபியை ஊற்றிக் கொடுத்தான். "முதலாளி குடுத்துட்டு வரச் சொன்னாவ." வேறொன்றும் கேட்கமாட்டான். கேட்காததே எங்களுக்கு உறுத்தியது. அவன் தலை தெரிந்ததும் நான் பிளானைச் சுருட்டி வைத்துவிடுவேன். சுடலைமுத்து மட்டும் காபியை விடமாட்டான். "காபி மேல எனக்குச் சந்தேகம் கிடையாது சார்வாள்."

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. அந்த வெற்றிடத்தின் புளியமரங்கள் அளவுக்கு மிஞ்சி நேராக நின்றன. தானாக முளைத்த மரம் இப்படி நிற்காது. ஒரு நாள் செயினைப் பிடித்துப் பார்த்தேன். கயிறு கட்டி நட்டது போல இரண்டு வரிசை. தாழ்ந்த கிளைகள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரே மட்டத்தில் கழிக்கப்பட்டிருந்தன. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கல் தூண். தூணின் இடுப்பில் கயிறு அறுத்த பள்ளம், வழவழவென்று.

எங்களுக்கு முன்னால் யாரோ இங்கே லைன் எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பஸ் முதலாளி தனி ரோடு போடத் திட்டமா? மலையிலிருந்து மரம் இறக்க எவராவது டிராலி லைன் கேட்டிருக்கிறார்களா? கர்ணத்திடம் கேட்டேன். "அது சும்மா கெடக்குற புறம்போக்கு சார்" என்றார் அவர். சொல்லிவிட்டு, "ஏன், யாரும் அங்கன எதும் பண்ணுதாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாரல் வெறித்த காலை

மேற்கே மலை தெரியாமல் மூடியிருந்த சாரல் ஒரு காலையில் சட்டென்று வெறித்தது. வெயில் வந்ததும் லெவல் எடுக்கலாம் என்று நானும் சுடலைமுத்தும் கிளம்பினோம். தெருமுனைக்கு வரும்போது ஒரு குரல்.

"ஏட்டி, வெயிலு வந்துட்டு! கஞ்சிய எடு!"

அவ்வளவுதான். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்களும் பெண்களும் கத்தரி போலக் கட்டிய மூங்கில் கால்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் நூல் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு பேர். எல்லோரும் எங்கள் லைனை நோக்கி ஓடினார்கள்.

மைதீன் அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் போனார். குனிந்து எங்கள் முதல் முளையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார். மண்ணைத் துடைத்தார். மரத்தடியில் எண் மேலே தெரியும்படி படுக்க வைத்தார். குழி தூர்ந்துவிடாமல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து மூடினார். அடுத்த முளைக்குப் போனார்.

"திருடனப் பிடிச்சாச்சு சார்வாள்" என்று சுடலைமுத்து மெதுவாகச் சொன்னான். "ஆனா நம்ம சாமான நம்மளவிடப் பத்திரமா வச்சிருக்கான்."

கல் தூண்களுக்கு நடுவே பாவு நீண்டது. நெய்வதற்கு முன்னால் நெடுக்கு நூலை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி ஏற்றி, பிரஷ் போன்ற பெரிய புருசால் வாரி, வெயிலில் காயவைக்க வேண்டும். அதைத்தான் பாவு என்கிறார்கள். பாவு போடுகிற நிலம் பாவடி. புருசு பிடிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் எதிரெதிரே நடக்கிறார்கள். கண் முழுவதும் நூலில்தான் இருக்கும், தரையில் இருக்காது. நடுவில் ஒரு முளை நின்றால் கால் இடறும். ஒருவன் பாவின்மேல் விழுந்தால் தெருவின் பல நாள் வேலை போகும்.

கஞ்சி போட்ட பாவில் ஒரு தூறல் விழுந்தாலும் கெட்டுவிடும். அதனால் சாரல் நாட்களில் பாவடி வெறுமையாகக் கிடக்கும். வெயில் காலமாக இருந்தால் தினமும் காலையில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்போம். நாங்களோ சீசன் கூட்டத்தைப் பார்க்க வந்தவர்கள். சாரலில் பார்த்துவிட்டு, இடம் சும்மா கிடக்கிறது என்று கோடு போட்டுவிட்டோம்.

என்னைப் பார்த்ததும் புருசுகள் நின்றன. ஒருவன் கையிலிருந்து கஞ்சி சொட்டியது.

"நிக்காதீயலே, கஞ்சி காஞ்சிரும்! வந்தவரு நிக்கட்டும்!" என்று பாத்துமுத்து கத்தினாள்.

நான் நின்றேன்.

மேசையில் இருந்தவர்

பாவு காய்ந்து சுருட்டியபின் மைதீன் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"போலீசுல எழுதிக் குடுப்பீயளா சார்?"

"முளையைத் திரும்ப வைக்கிறவர் மேல என்னன்னு எழுதிக் கொடுக்க? கூட்டத்துல இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. தண்ணி, பாம்பு, ஜின்னு என்றெல்லாம் எதுக்கு?"

"அன்னைக்கு மேசையில யாரு இருந்தா?"

"நாங்கதான்."

"உங்க சாருக்கு இடப்பக்கம்?"

எனக்குப் புரியத் தொடங்கியது.

"எங்க பாட்டன் காலத்துலேந்து இங்கன பாவு போடுதோம். மரம் வச்சதும் அவியதான். கணக்குல இது புறம்போக்கு. நான் எந்திரிச்சு இது எங்க பாவடின்னு சொன்னா உங்களுக்கு அது அபிப்பிராயம். கர்ணத்துக்கு அது ஆக்கிரமிப்பு. இப்பம் கண்டுங்காணாம இருக்காரு, சபையில எங்க வாயாலயே சொன்னா கணக்குல எழுதிருவாரு. உண்மையச் சொன்னா இடம் அவரு கைக்குப் போயிரும். பொய்யச் சொன்னா ரயிலுக்குப் போயிரும். எதச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

"அவருக்குப் பொய்யும் சொல்ல வராது சார்வாள்" என்றாள் பாத்துமுத்து. "தண்ணி நிக்குதுன்னு சொல்லுதாரு, மேட்டுல! அந்த ஜின்னாவது பரவாயில்ல."

பாவடியின் ஓரத்தில் அவர்களுடைய சொந்த மனை இருந்தது. அதில் கருங்கல் அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு எழும்பி நின்றது. மகன்கள் மூன்று பேருக்கும் தறிக்கூடம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் முளையைப் பார்த்ததும் கொத்தனாரை நிறுத்திவிட்டார்களாம். பாவடி போனால் தறி இருந்தும் பயனில்லை. அந்தத் தெருவில் வேறெங்கும் இவ்வளவு நீளமாக, நேராக, நடக்கிறவர்களுக்கு ஓரத்தில் மர நிழலோடு இடம் கிடையாது.

"இத உங்க பேப்பருல எழுதுவீயளா?" என்று அவர் கேட்டார்.

"எழுதட்டுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் கர்ணத்துக்கு எவ்வளவு தூரத்து உறவு என்ற கணக்கு ஓடியது. "எங்க வீட்டுல யோசிச்சுச் சொல்லுதோம்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு லைன்

ஏ.இ.யிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பஸ் முதலாளி காபியை நீரும் குடிச்சுட்டீரா?" என்றார்.

"நான் குடிக்கவில்லை சார். சுடலைமுத்து குடிக்கிறான்."

"வெயில் அடிச்ச அன்னைக்கு மட்டும் வர்ற கஷ்டமா? நாம போனதும் வரிசையா வந்து நின்னு நாடகம் போட்டிருப்பாங்க."

"நாடகத்துக்காக யாரும் மரம் நட்டு இவ்வளவு பெரிசா வளர்த்திருக்க முடியாது சார்."

இரண்டாவது கூட்டத்தைப் பாவடியிலேயே வைக்கலாம், வெயில் வருகிற காலையில், மேசை இல்லாமல், கர்ணத்தை அழைக்காமல் என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

அடுத்த வெயிலுக்குப் போனோம். ஏ.இ. பூட்ஸ் காலோடு நேராக நடந்தார்.

"சார்! சார்! காலு!" என்று பாத்துமுத்து போட்ட சத்தத்தில் அப்படியே பின்வாங்கி ஒரு புளிய வேரின்மேல் ஏறி நின்றுகொண்டார். பாவு காயும் வரை அவர் அங்கிருந்து இறங்கவில்லை. புருசுகள் போவதையும் வருவதையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மைதீன் அண்ணாச்சியைக் கேட்டார்.

"நிலம் யாருது?"

"அரசாங்கத்துது சார்."

"அப்ப நீங்க எப்படிக் கேட்கறீங்க?"

"நிலம் எங்களுக்கு வேண்டாம் சார். அதோட நீளம் மட்டும் போதும். காலம்பற கொஞ்ச நேரம். மத்த நேரம் ஆடு மேயட்டும், பிள்ளைய விளையாடட்டும். ரயிலு வந்தா மட்டும் அந்த நீளம் போயிரும்."

வீட்டில் யோசித்து எடுத்த முடிவு அதுதான். அத்தனை பேர் முன்னால் அவர் அதைச் சொல்லும்போது பாத்துமுத்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கர்ணம் வருகிறாரா என்று.

ஏ.இ. அங்கேயே பிளானை விரித்தார். கால்வாய்க் கரை வழியாக வளைத்துக்கொண்டு போனால் பாவடி தப்பும். ஒரு வளைவு கூடும், ஒரு சின்னப் பாலம் கூடும். அந்தக் கரை தோப்பு அண்ணாச்சியுடையது.

சாயங்காலமே தோப்பு அண்ணாச்சி முகாமுக்கு வந்துவிட்டார்.

"ஊரு முன்னேறணும், யாரு இல்லங்கா? அதுக்காகக் காய்க்கிற தென்னைய வெட்டுனா ஊரு முன்னேறிருமா? பெறகு, அந்தத் தோப்புல நாகம் குடியிருக்கு சார். நாங்களே உள்ள போகப் பயப்படுவோம்."

அவர் போனபின் ஏ.இ. என்னைப் பார்த்தார். "பாம்பு இடம் மாறிடுச்சு, எழுதிக்கும்."

கடைசியில் இரண்டு லைனையும் போட்டு அனுப்பினார். பாவடி வழி ஏ லைன், கரை வழி பி லைன். ஹெட் ஆபீஸ் தீர்மானிக்கட்டும் என்றார். முகாமைக் கலைக்கும் நாளில் பாவடிக்கு வந்து எல்லோரையும் அழைத்துச் சொன்னார்.

"முடிவு வர்ற வரைக்கும் ரெண்டு லைன் முளையும் அப்படியே இருக்கணும். பக்கத்துல யாரும் எதுவும் கட்டக் கூடாது."

"பாவு போடுத அன்னைக்கு?" என்று பாத்துமுத்து கேட்டாள்.

ஏ.இ. கொஞ்சம் யோசித்தார். "எடுத்தா எடுத்த இடத்துலயே வைக்கணும்."

தோப்பு அண்ணாச்சி அதற்குள் கரையில் இருந்த முளைகள் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. அது எங்களுக்குத் தெரியும். அவரைக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

முடிவு வந்த கதை

அதன்பிறகு நான் வேறு ஜில்லாக்களில் வேலை பார்த்தேன். வெகுகாலம் கழித்து, ஹெட் ஆபீஸ் டிரேசிங் அறையில் வேறொரு பிளானைத் தேடும்போது தென்காசி–குற்றாலம் ஷீட் கைக்கு வந்தது. குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் 'கைவிடப்பட்டது'. நாங்கள் முகாமைக் கலைத்த மறுவருடமே முடிந்துபோன விஷயம். போகட்டும், அவர்கள் பாவடி தப்பியது என்று நினைத்து ஷீட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், கூட்ஸ் ஷெட் நீட்டும் வேலைக்காகத் தென்காசிக்குப் போனேன். நல்ல வெயில் காலம். முதல் காலையிலேயே நெசவாளர் தெருப் பக்கம் நடந்தேன்.

பாவு நீண்டிருந்தது. மரத்தடியில் வெள்ளைத் தலையோடு வரிசையாக முளைகள். ஒவ்வொரு குழிமேலும் ஒரு சிரட்டை.

குனிந்து ஒன்றை எடுத்தேன். அது எங்கள் முளை இல்லை. எங்களுடையது கோங்குக் கட்டை, இது புளி. பெயின்ட் புதிது. எண் எங்களுடைய எண்தான், ஆனால் எழுதிய கை வேறு. நடுவில் ஆணிகூட இருந்தது.

"பழசு செல்லரிச்சுப் போச்சு" என்று பின்னால் குரல் வந்தது. மைதீன் அண்ணாச்சி தாடி நரைத்து இன்னும் ஒல்லியாகியிருந்தார். "முளை எங்கன்னு கேட்டு வந்தா என்னத்தக் காட்ட? அதான் நாங்களே செதுக்கி வச்சோம்."

அஸ்திவாரம் நான் விட்டுவந்தபடியே தரைமட்டத்தில் இருந்தது. நடுவில் எருக்கு முளைத்திருந்தது. மூத்தவனும் இளையவனும் வீட்டில் இருக்கும் ஒரே தறியில் மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். நடுவுள்ளவன் புளியறை தாண்டி, புனலூரில் ஒரு ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுகிறான். "நெய்யத் தெரிஞ்சவன் கிழிச்சுக் குடுக்கான்" என்றாள் பாத்துமுத்து.

"அந்த ரயில் வராது" என்று சொன்னேன். "முடிவாகிவிட்டது."

"எப்ப?"

சொன்னேன்.

புருசு பிடித்தவர்கள் நின்றார்கள். இந்த முறை அவள் அவர்களை விரட்டவில்லை.

"அப்ப இத்தன வருசமா நாங்க யாருக்குச் சார்வாள் முளை ஊனுனோம்?"

கையிலிருந்த முளையைத் தூர எறியப் போனேன்.

"வைங்க, வைங்க, தொடாதீய" என்றாள். "எடுக்கச் சொன்னது நீங்கன்னு நாளைக்கு நாங்க சொன்னா எவன் நம்புவான்? வாயால கேட்டீய, வாயால சொல்லுதீய. நாங்க சொன்னத மட்டும்லா எழுதிட்டுப் போனீய."

மறுநாள் காலை, பொறுப்பில் இருந்த இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கி, திட்டம் கைவிடப்பட்டது, முளைகளை எடுத்துவிடலாம், சொந்த மனையில் கட்டிக்கொள்ளத் தடையில்லை என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மைதீன் அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கினார். மூத்த மகனை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "இது கர்ணத்துக்குத் தெரியுமா?"

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை இளையவர்களுக்குச் சொல்கிறேன். ஊரைக் கேட்கப் போகும்போது மேசையில் யார் உட்காருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். நிலத்தை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுச் சும்மா கிடக்கிறது என்று எழுதாதீர்கள். எல்லாவற்றையும்விட, கேட்டவன் திரும்பிப் போய் முடிவைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சந்தேகத்தோடு இருக்கிற மனிதனிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் வந்தால், அவன் வாழ்க்கையில் பாதியை அந்தக் கேள்விக்குக் காவல் வைத்துவிடுகிறோம். கைவிட்ட பிறகு அந்த லைனைப் பழுதில்லாமல் பராமரித்தவர்கள், அது வரவே கூடாது என்று நினைத்த அவர்கள் மட்டும்தான்.

காகிதம் கொடுத்த அன்று மாலை அதே வழியாகத் திரும்பினேன். பாவடியில் யாரும் இல்லை. முளைகள் எல்லாம் மறுபடி அதனதன் குழியில் நின்றன. டிராஃப்ட்ஸ்மேன் கண் என்பதால் ஓரக்கண்ணாலேயே தெரிந்தது: எடுத்து ஊன்றிய ஒவ்வொரு தடவையும் விரலளவு பிசகி, ரயில் பாதை தோப்புப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்துபோயிருந்தது.

அஸ்திவாரத்துக்கு நேர் எதிரே இருந்த ஒரு முளை மட்டும் இல்லை. குழியையும் மூடி, மண்ணை மிதித்து விட்டிருந்தார்கள். அதைத் தேடி யாராவது வருகிறார்களா என்று எந்த ஜன்னலிலிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நான் அந்த இடத்தைக் குனிந்து பார்க்காமல், நடையை மாற்றாமல், தாண்டிப் போனேன்.